பக்கத்து வீட்டுத் தும்புக் கயிறு

1942ஆம் ஆண்டு ஒக்டோபர் இருபதாம் திகதி, செவ்வாய்க்கிழமை. போருக்காக முன்னே தள்ளி வைத்திருந்த புது நேரப்படி காலை ஆறு இருபது. இரவு பெய்த மழை விட்டிருந்தது. பலா இலைகள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. கடற்காற்று இல்லை. வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்த எங்கள் வாடகை வீட்டின் பின்வளவில், என் மட்டக்குதிரை முதன்முறையாக எனக்குத் தலை கொடுக்க மறுத்தது.

குதிரை வைத்திருக்கும் அளவுக்கு நான் பெரிய மனிதன் அல்லன். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் கிளாக்கர். சித்திரையில் துறைமுகத்தில் குண்டு விழுந்த பிறகு எங்கள் ஒழுங்கையிற் பாதி வீடுகள் பூட்டப்பட்டு, சனங்கள் யாழ்ப்பாணத்துக்கு றெயில் ஏறிவிட்டார்கள். பெற்றோல் பங்கீட்டில் வந்தது. பஸ்ஸில் ஏறினால் படைக்காரருக்கு நடுவில் நசுங்க வேண்டும். என் மைத்துனர் ஒருவர் நெடுந்தீவில் இந்த மட்டக்குதிரையைப் பிடித்து, வள்ளத்திலும் பின்பு றெயிலிலும் ஏற்றி அனுப்பினார். என் மார்பளவு உயரம், மண்ணிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி. பழைய வண்டில் ஒன்றும் மலிவாகக் கிடைத்தது.

அதன் தலைக்கயிற்றை நானே பின்னினேன். கொட்டிலிலிருந்து வெளியே கொண்டுவர முகத்தில் மாட்டும் கயிறுதான் அது. வெள்ளைப் பருத்தி நூல், முப்புரி. குதிரையின் முகத்தை மூன்று இடத்தில் அளந்து பின்னியது. நான்கு மாதமாக, நான் கயிற்றை நீட்டினால் அது தானாகவே மூக்கை உள்ளே விடும். என் கைக்கல்லாமல் வேறு கைக்கு அது தலை கொடுக்காது என்று கந்தோரில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். சிலருக்கு இரண்டு முறை.

அன்று கயிற்றைக் கண்டதும் காதைப் பின்னே மடித்தது. பின்பக்கத்தை என் பக்கம் திருப்பியது. பனங்கட்டியை நீட்டினேன், எட்டிக் கவ்விக்கொண்டது, கயிற்றுக்கு மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டது. மூன்றாந்தரம் நான் கிட்டப் போனபோது, பின்வாங்கித் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டது. என் ஒரே நல்ல சப்பாத்து நனைந்தது.

என் மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள். வலது உள்ளங்கையிற் சீலை சுற்றியிருந்தாள். முதல் நாள் விசயதசமி. நான் லீவு போட்டு, குதிரைக்கும் லீவு கொடுத்துவிட்டு, அக்காவின் கடைசி மகளுக்கு ஏடு தொடக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போய் இரவுதான் திரும்பியிருந்தேன். வடை சுடும்போது எண்ணெய் தெறித்துவிட்டது என்று கைக்குக் காரணம் சொல்லியிருந்தாள்.

“இண்டைக்கு பஸ்ஸிலை போங்கோவன்” என்றாள்.

அப்போது மதிலுக்கு மேலே ஒரு தொப்பி தெரிந்தது. பக்கத்து வீட்டு நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். புடவைக்கடை முதலாளி, அவருடைய தகப்பன் காலத்தில் வீட்டில் இரட்டைக் குதிரை வண்டி நின்றதாம்.

“என்ன கிளாக்கர் ஐயா, குதுர கோவிச்சிக்கிச்சா?”

“ஒண்டுமில்லை. நித்திரைத் தூக்கம்.”

“நின்டுக்கிட்டே காலால ஒதைக்கிது, நித்திரயாம்!” என்று சிரித்துக்கொண்டு, பக்கக் கதவால் வந்தார். கையில் ஒரு பழைய தென்னந்தும்புக் கயிறு. குதிரை அவரை நோக்கி நடந்து போனது. நான் கூப்பிட்டு வராத குதிரை, அவர் கூப்பிடாமலே போனது. அவர் கயிற்றைப் போட்டு, நுனியை ஏதோ கடையில் மிச்சக் காசு தருவதுபோல என் கையில் வைத்தார். அதன்பின் கடிவாளம், சேணம் எதற்கும் அது மறுக்கவில்லை. கந்தோருக்கு இருபது நிமிடம் பிந்திப் போனேன்.

புதன்கிழமையும் இதே கதை. வியாழனும் அப்படித்தான். காலையில் நான் என் வெள்ளைக் கயிற்றோடு கொட்டிலுக்குப் போவேன்; அது சுவரைப் பார்த்து நிற்கும்; மதிலுக்கு மேலே தொப்பி தெரியும். வெள்ளிக்கிழமை என் மனைவி அவருக்கு இஞ்சி போட்ட கோப்பி கொடுத்தாள். எனக்கு இஞ்சி போடுவதில்லை.

“நானாவின்ரை கை ராசியான கை” என்றாள்.

“சும்மா சொல்லாதீங்க தங்கச்சி, புள்ளக்கி என்னப் புடிச்சிப் போச்சி, அவ்வளவுதான்.” குதிரையை அவர் பிள்ளை என்றார். வாங்கியவன் நான். வைக்கோலுக்குக் காசு கொடுப்பவன் நான். ஆனால் அவருடைய தோளிற் தாடையை வைத்துக்கொண்டு அது கண்ணை மூடி நின்றது. அத்தர் வாசனை என் கொட்டில் வரைக்கும் அடித்தது.

“ஐயா, கோவிக்க வேணாம்” என்றார். “ஒங்களுக்கு இது கரச்சல்தானே. எனக்கிட்ட வித்துடுங்களேன். வாங்கின வெலைக்கு மேல இருபது ரூபா தாறேன்.”

“விக்கிற எண்ணம் இல்லை.”

“அவசரமில்ல. யோசிங்க. குதுர எங்கயும் போகாது, மதிலுக்கு இந்தப் பக்கம்தானே வரும்.”

அன்று கந்தோரில் கூட்டல் இரண்டு இடத்திற் பிழைத்தது. பதினொரு வருடத்தில் எனக்கு அப்படி நடந்ததில்லை. குதிரைக்கு அந்த மனிதர் எதையோ கொடுத்துப் பழக்கிவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மதிலோரமாகக் குனிந்து, புல்லோ கரட்டோ விழுந்து கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது அதை இன்னும் உறுதியாக்கியது. வஞ்சகமாகச் செய்கிறவன் துப்புரவாகத்தானே செய்வான்.

மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவிக்குச் சொன்னேன்: “பின்னேரம் போய் அந்த ஆளை நேரை கேக்கப் போறன். என்ரை குதிரைக்கு என்ன குடுத்து மயக்கினவர் எண்டு.”

அவள் கரண்டியை வைத்தாள். “இஞ்சேருங்கோ, அந்த மனுசனிலை பழி போடாதேங்கோ. நான்தான்.”

“என்ன நான்தான்?”

“விசயதசமி அண்டு நீங்கள் போன பிறகு, புத்தகங்களோடை உங்கடை கயிறையும் பூசைக்கு வைச்சனான். உங்களுக்கு இப்ப அதுதானே ஆயுதம். சந்தனம் வைச்சு, குதிரைக்குக் கயிறைப் போட்டு, அதின்ரை முகத்துக்கு முன்னாலை கற்பூரம் காட்டினனான். அது தலையை ஒரு உலுப்பு உலுப்பிச்சுது. கற்பூரம் தெறிச்சுக் கயிறிலை பத்தீட்டுது.”

“பத்தினதோ?”

“கையாலை அடிச்சன், நெருப்பு நூரேல்லை. கத்தினன். நானா மதிலாலை குதிச்சு வந்து, கயிறைக் கழட்டி எறிஞ்சு, முகத்திலை தண்ணி ஊத்தினவர். பிறகு தன்ரை கயிறைப் போட்டு, பின்னேரம் வரைக்கும் அதைத் தடவிக்கொண்டு இருந்தவர்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் எத்தினை கட்டிக் கற்பூரம் கொளுத்தினனி எண்டெல்லோ கேப்பியள்.”

நான் அதைத்தான் கேட்க வாயெடுத்தேன்.

எழுந்துபோய்க் கயிற்றை எடுத்துப் பார்த்தேன். தாடைக்குக் கீழே வரும் இடத்தில் கருகியிருந்ததை வெட்டி, வெள்ளை நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தாள். மூக்கிற் பிடித்தால் கற்பூர மணம் அப்படியே இருந்தது. அந்த மணத்தோடுதான் ஆறு காலையும் நான் அந்தச் சீவன் முன்னால் போய் நின்றிருக்கிறேன்.

குதிரை மேல் இருந்த கோபம் போய்விட்டது. மற்றது போகவில்லை. குதிரையையும் சேர்த்தால் மூன்று பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம், வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அவர் என் மதிலைத் தாண்டிக் குதித்த வேளையில், நான் கொட்டாஞ்சேனையில் அக்கா மகளின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதிக்கொண்டிருந்தேன். இஞ்சிக் கோப்பியின் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

திங்கட்கிழமை பஸ்ஸிற் போனேன். புறக்கோட்டையில் நாற்பது சதத்துக்குப் புதுத் தும்புக் கயிறு வாங்கினேன். செவ்வாய் காலை அதை நீட்டினேன். குதிரை முகர்ந்து பார்த்தது. ஓரடி முன்னே வந்தது. பிறகு என் கையைப் பார்த்தது. மறுபடியும் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டது. தும்பு போதவில்லை. அதற்கு அந்த வீட்டுக் கயிறுதான் வேண்டும், அத்தரும் வியர்வையும் ஊறிய அந்தக் கயிறு.

பின்னேரம் நானாவின் வாசலுக்குப் போனேன். மனைவி சொல்லிவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, முகத்தில் தெரிந்தது.

“நானா, அந்தக் கயிறை எனக்குத் தாங்கோ. காசு தாறன்.”

“கயித்துக்கு சல்லியா? சும்மா கொண்டு போங்க ஐயா.”

“சும்மா வேண்டாம். விலையைச் சொல்லுங்கோ.”

“அட, பக்கத்து வீடு. என்ன பேச்சு இது?”

“விலையைச் சொல்லுங்கோ.” சும்மா வாங்கினால் ஒவ்வொரு காலையும் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டுதான் என் குதிரையை நான் அவிழ்க்க வேண்டும்.

அவருடைய சிரிப்புக் குறைந்தது. கொடுத்ததை வேண்டாம் என்றால் எந்த வியாபாரிக்கும் சுடும். “சரி, யாவாரம்னா யாவாரம். பத்து ரூபா.”

“பத்து ரூபாவோ! புறக்கோட்டையிலை நாப்பது சதம்!”

“புறக்கோட்டக் கயித்துக்கு ஒங்கட குதுர தல குடுக்குமா?”

ஒன்பது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். அந்நேரம் மதிலுக்கு அப்பாலிருந்து, எங்கள் வளவிலிருந்து, என் மனைவியின் குரல் வந்தது: “நானா, எட்டரைக்குக் குடுங்கோ.”

“தங்கச்சி சொன்னா சரி” என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

மறுநாள் காலை அந்தக் கயிற்றோடு போனேன். குதிரை கயிற்றை முகர்ந்தது, என்னை முகரவில்லை. பிறகு தலையைத் தாழ்த்தி, மூக்கை உள்ளே விட்டது. நான் முடிச்சைப் போடும்போது மதிலுக்கு அப்பால் அவர் இருமினார். அதன் ஒரு காது அந்தப் பக்கம் திரும்பியது. குறைத்த ஒன்றரை ரூபாவும் எனக்காகக் குறைத்தது அல்ல. ஆனாலும் குதிரை என் வளவிலேயே நின்றது, கயிறும் என்னுடையது. எட்டு ரூபா ஐம்பது சதம்.