பலாலிக் கயிற்றுக்குள் ஒரு கலியாணம்

1. தராசு

பலாலி விமான நிலையத்தில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மனேச்சர் எனக்குப் பேனையும் தரவில்லை, கதிரையும் தரவில்லை. தராசைக் காட்டினார்.

"பிள்ளை, இதிலை ஏறும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உடுவிலில் இங்கிலிஷ் படித்து, தட்டெழுத்துப் பழகி, நேர்முகப் பரீட்சையில் ஐயாமார் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி வந்தவளை வெங்காய மூட்டை மாதிரி நிறுப்பதா? பிறகுதான் விளங்கியது. எங்கள் பிளேன் சின்னது. பெட்டியோடு சேர்த்து ஆளையும் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். அது தெரியாமல் வருகிற பயணிகள் தராசைக் கண்டதும் முகம் கறுப்பார்கள்.

"ஏறிப் பார்த்தால்தானே ஏறுறவையின்ரை வெக்கம் உமக்கும் தெரியும்" என்றார் மனேச்சர். நான் ஏறினேன். அவர் என் நிறையை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். அன்றிலிருந்து நான் யாருடைய நிறையையும் சத்தமாகச் சொன்னதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே யாழ்ப்பாணத்துப் பெண்கள் என் கவுண்டரைத் தேடி வந்தார்கள் என்று நான் பெருமை அடித்துக்கொள்வதுண்டு. வேறு கவுண்டர் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

2. ஊசியும் கார்டும்

கொள்ளைநோய்க் காலத்தில் பிளேனில் போகிறவர் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னைக் கேட்பார்கள். நான் சொல்லுவேன்: முதலில் கையில் வீக்கத்தை எதிர்பாருங்கள்.

எழுபதுகளில் திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே பறந்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். இந்தியாவில் வாந்திபேதி என்று செய்தி வந்தால் போதும், எங்கள் மண்டபமே மாறிவிடும். கிருமிநாசினி லைசோலின் மணம் வாசலிலேயே வந்து வரவேற்கும். பிளேன் வந்து நின்றதும் கதவைத் திறக்கமுன் உள்ளே மருந்து அடிப்பார்கள். இறங்குகிறவர்கள் தும்மிக்கொண்டே இறங்குவார்கள். பிறகு ஊசிக் கார்ட். ஊசி போட்டு ஆறு நாள் கழிந்தால்தான் அந்தக் கார்ட் செல்லும். செல்லாத கார்ட்டோடு வருகிறவரை மண்டபத்துக்குப் பக்கத்திலிருந்த தகரக் கொட்டகையில் இருத்தி, சுற்றிவரக் கயிறு கட்டிவிடுவார்கள். கார்ட் செல்லுபடியாகும்வரை அவர் அங்கேதான்.

இதற்கெல்லாம் அதிகாரி பீ.எச்.ஐ. செல்லத்துரை. சுகாதாரப் பரிசோதகர் என்று பலகையில் எழுதியிருக்கும்; ஊர் முழுக்கப் பீ.எச்.ஐ. என்றுதான் கூப்பிடும். காக்கித் தொப்பி, காக்கிக் காற்சட்டை, சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். பயணிகளின் சாப்பாட்டையும் தண்ணீரையும் பறித்துக் கொட்டுவதும் அவர் வேலைதான். ஒருமுறை காசிக்குப் போய்த் திரும்பிய ஒரு அம்மாவிடம் கங்கைத் தீர்த்தச் செம்பை ஊற்றச் சொன்னார்.

"நிலத்திலை ஊத்தினால் கால்படும், தம்பி. பாவம்."

"எங்கையெண்டாலும் ஊத்துங்கோ அம்மா. உள்ளுக்கை கொண்டுபோகேலாது."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். கால்படாத இடம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. எம்பி நின்று, பீ.எச்.ஐ.யின் தொப்பியைக் கழற்றி, முழுச் செம்பையும் அவர் தலையில் கவிழ்த்து, "நல்லாயிரு மேனை" என்று ஆசீர்வதித்தார். லைசோல் வாளியை நோக்கிப் பீ.எச்.ஐ. ஓடிய ஓட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நோகும்.

3. நல்ல நாளில் போட்ட ஊசி

ஆனி மாதம் முடியப் போகிற ஒரு நாள். மத்தியானப் பிளேனில் திருச்சியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். பெயர் பாலேந்திரன். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. லீவு கிடைத்ததே அன்றைக்குத்தான். பொழுதுபட உடுவிலில் அவருக்கு முகூர்த்தம். வெளியே பூச்சரம் கட்டிய மொரிஸ் மைனர் கார் அவரை ஏற்றிப்போக நின்றது.

பீ.எச்.ஐ. அவருடைய கார்ட்டைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"ஒரு நாள் குறையுது. இண்டைக்கு நடுச்சாமம் கழியத்தான் கார்ட் செல்லும். கொட்டகைக்கு வாரும்."

"சேர், எனக்கு இண்டைக்குக் கலியாணம்!"

"அப்ப ஏன் ஐசே ஒரு நாள் முந்தி ஊசி போடேல்லை?"

பாலேந்திரன் தலையைச் சொறிந்தார். "அண்டைக்கு அட்டமி. அட்டமியிலை உடம்பிலை ஊசி ஏத்தக்கூடாதெண்டு அம்மா கடிதம் போட்டவ. அடுத்தநாள் நவமிதான், ஆனால் நேரம் பார்த்துப் போட்டால் பறவாயில்லை எண்டவ. அதுதான்..."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பிளேனில் பறக்கிற பிள்ளை, வாந்திபேதி ஊசிக்குப் பஞ்சாங்கம் பார்த்திருக்கிறான்! ஆனால் மாப்பிள்ளையைக் கூட்டிப்போகக் காரில் வந்திருந்த, பெண்ணின் தகப்பன் மாணிக்கத்தாருடைய முகத்தைக் கண்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. மனுசன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, இது மூண்டாந்தரம்" என்றார் என்னிடம். "முதல் என்ரை தமையன் செத்துத் துடக்கு. பிறகு ஊரடங்கு. இண்டைக்கு விட்டால் ஆடி பிறந்திடும். பெட்டையிலை ஏதோ குறையெண்டு இப்பவே ஊருக்கை கதைக்கினம். இனி என்ன சொல்லுவினமோ?"

முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்காகக் கவுண்டரை விட்டு வெளியே வந்தேன். பீ.எச்.ஐ.யிடம் போனேன்.

"அவரை வெளியாலை விடேலாது. விளங்குது. வெளியாலை நிக்கிற ஆக்கள் உள்ளுக்கை போகலாமோ?"

"செல்லுபடியான கார்ட் இருந்தால் போய் வரலாம்."

மாணிக்கத்தார் நிமிர்ந்தார். "என்ரை மகள் சரோஜாவிட்டைக் கார்ட் இருக்கு! கலியாணம் முடிய மாப்பிள்ளையோடை திருச்சிக்குப் போகவெண்டு போனமாதமே ஊசி போட்டவள். நாள் பாக்கச் சொன்னன். கேக்காமல் அட்டமியிலைதான் போய்க் குத்திக்கொண்டு வந்தவள்!"

"அப்ப ஏன் நிக்கிறியள்? காரை விடுங்கோ!" என்று கத்தினேன். பயணிகளோடு மெதுவாகக் கதைக்க வேண்டும் என்ற விதியை அன்று நான் காற்றில் விட்டேன்.

4. நெருப்பு

கார் போன வேகத்தில் திரும்பி வந்தது. பின்னால் இரண்டு வாடகைக் கார், ஒரு லொறி. லொறியில் குத்துவிளக்கு, நிறைகுடம், வாழைக்குட்டி, ஐயர், அளவெட்டி மேளக்காரர், பெரிய செப்புக் கிடாரத்தோடு கலியாணச் சாப்பாடு. கூறைச் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிய சரோஜா நேரே பீ.எச்.ஐ.யிடம் போய்க் கார்ட்டை நீட்டினாள்.

"வடிவாப் பாருங்கோ சேர். பிறகு குறை சொல்லக்கூடாது."

அவர் வடிவாகத்தான் பார்த்தார். கயிற்றைத் தூக்கிவிட்டார். அவள் குனிந்து உள்ளே போனாள்.

ஐயருக்குக் கார்ட் இல்லை. மந்திரம் வெளியே நின்றும் சொல்லலாம். மேளமும் வெளியே நிற்கலாம். சத்தத்துக்குக் கார்ட் கேட்க பீ.எச்.ஐ.க்கும் தோன்றவில்லை. ஆனால் ஓமம்? சோடி அதைச் சுற்றி வரவேண்டும்; கொட்டகைக்குள் அதற்கு இடமில்லை. பீ.எச்.ஐ. முற்றத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு கயிற்றை அவிழ்த்துக் கொட்டகை முற்றத்தையும் வளைத்துக் கட்டினார். "கயிறு எங்கை நிக்கவேணுமெண்டு சட்டத்திலை இல்லை" என்றார். அந்த மனுசன்தான் சொன்னார்!

"பிளேன் நிக்கிற இடத்திலை நெருப்பு மூட்டவோ? உமக்கென்ன விசரோ?" என்று மனேச்சர் என் மீது பாய்ந்தார். நிலையத்துத் தீயணைப்பு வண்டிக்காரர் ஞானப்பிரகாசம் அண்ணை குருநகர் ஆள், கலியாணமென்றால் விடமாட்டார். "பிளேன் எழும்பட்டும் சேர். நான் வண்டியைக் கொண்டுவந்து பக்கத்திலை நிப்பாட்டுறன்" என்றார். மனேச்சர் இறங்கி வந்தார்.

இப்போது பொறுப்பு என் தலையில். திருச்சிக்குத் திரும்பும் பயணிகளை ஏற்றினால்தான் பிளேன் எழும்பும். அவர்களோ, ஒருவர் மிச்சமில்லாமல் கயிற்றோரம் நின்று கலியாணம் பார்க்கிறார்கள். கூப்பிட்டேன். மணி அடித்தேன். "தாலி கட்டினாப்பிறகு ஏறுறம் தங்கச்சி" என்றார் ஒருவர். "நீங்கள் ஏறினால்தான் தாலி கட்டலாம்!" என்றேன். "சும்மா சொல்லாதையும்" என்று சிரித்தார்கள். பொழுது இறங்கிக்கொண்டே போனது. எனக்கு அழுகையும் வந்தது, அடிக்கவும் கை துடித்தது.

மாணிக்கத்தார் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பயணியின் முன்னாலும் போய்ச் சந்தனம் கொடுத்து, கைகூப்பி, "ஐயா, நீங்கள் போனால்தான் என்ரை பிள்ளைக்குக் கலியாணம். தயவுசெய்து போயிட்டு வாங்கோ" என்றார். கலியாணத்துக்கு வா என்று கைகூப்பிய தகப்பன்மாரைக் கண்டிருக்கிறேன். போ என்று கைகூப்பியவரை அன்றுதான் கண்டேன். சந்தனத்தைப் பூசிக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். பிளேன் எழும்பிய அடுத்த நிமிடம், சிவப்பு வண்டி காவல் நிற்க, ஐயர் கயிற்றுக்கு வெளியே குந்தியிருந்து நீளக் கரண்டியால் நெய் வார்த்து ஓமத்தை வளர்த்தார்.

5. கயிறு

மாப்பிள்ளைக்குத் தோழன் வேண்டும். தோழன் இல்லாமல் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை மணவறையில் இருக்கமாட்டார். உள்ளே போகத்தக்க கார்ட்டுள்ள ஆம்பிளை ஒருவர்தான். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். பீ.எச்.ஐ. காக்கித் தொப்பியைக் கழற்றினார். தோழனுக்கென்று கொண்டுவந்த சரிகைத் தலைப்பாகையை வைத்தார். அளவாக இருந்தது. எனக்கும் கார்ட் இருந்ததால் நான் தோழியாகச் சரோஜாவின் பின்னால் நின்றேன், கம்பனி யூனிபோமோடு!

"பெண்ணின்ரை தகப்பன் வாங்கோ. தாரை வார்க்கவேணும்" என்றார் ஐயர்.

மேளம் நின்றது. மாணிக்கத்தார் கயிற்றடியில் வந்து நின்றார். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். அவரிடம் கார்ட் இல்லை. ஊசியென்றால் அவருக்குப் பயம் என்று சரோஜா என் காதில் சொன்னாள். அதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை அழாத பெட்டை.

"சித்தப்பா முறையிலை ஆரும்..." என்று ஐயர் இழுத்தார்.

மாணிக்கத்தார் பீ.எச்.ஐ.யைப் பார்த்தார். "தம்பி, நான் இந்தக் கயித்தைக் கடந்தால் என்ன செய்வீர்?"

"மாப்பிள்ளையை விடுமட்டும் உங்களையும் உள்ளுக்கைதான் வைச்சிருக்கவேணும். வெளியாலை போகேலாது."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே ஐயா!" வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டினார், ஒரே எட்டில் கயிற்றைக் கடந்தார்.

மகளின் கையைப் பிடித்தார். தண்ணீர் வார்த்தார். பாதித் தண்ணீர் பீ.எச்.ஐ.யின் காலில் விழுந்தது. அப்போது பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். பெண்ணின் தாய் கயிற்றைக் கடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மாமி. மாமிக்குப் பின்னால் மாமா. "நடுச்சாமம் மட்டுமெண்டால் நானும் இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு காரோட்டி. தவிலோடு மேளக்காரர் கயிற்றுக்குக் கீழால் புகுந்தார். கடைசியாக ஐயரும் கரண்டியோடு எழும்பி, "நான் மட்டும் வெளியாலை நிண்டு என்ன செய்ய?" என்று வந்துவிட்டார்.

கெட்டிமேளம் முழங்கியது. வெளியே தனித்துப்போன ஞானப்பிரகாசம் அண்ணை தீயணைப்பு வண்டியின் மணியைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். தாலி ஏறியது. நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. பீ.எச்.ஐ. தலைப்பாகையோடு சுற்றிவரப் பார்த்து, "இண்டைக்கு ஒருதரும் வீட்டை போகேலாது!" என்று அதட்டினார்.

"ஆர் இப்ப போகப்போயினம்?" என்றார் பெண்ணின் தாய். "சாப்பாட்டை உள்ளுக்கை தாங்கோ!"

ஒருவரும் களவாக நழுவவில்லை. பாயை விரித்துப் பாட்டும் பகிடியுமாக இருந்து, நடுச்சாமம் கழிந்து பீ.எச்.ஐ. கயிற்றை அவிழ்த்த பிறகுதான் போனார்கள்.

பிறகு எத்தனையோ தரம் அந்தக் கயிறு கட்டப்பட்டது. யார் உள்ளே இருந்தாலும், வெளியே நிற்கிறவர்களிடம் நான் முதலில் போய், "ஆராவது இவரோடை கூட இருக்கப்போறியளோ?" என்று கேட்பேன். கட்ட வேண்டிய இடத்தில் கயிற்றைக் கட்டுங்கள் பிள்ளைகளே. அதில் தயவு காட்ட வேண்டாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள். நான் கேட்ட எந்த நாளிலும் கொட்டகையில் ஆள் தனியே இருந்ததில்லை.