கவிழ்த்த சீட்டும் என் முகமும்

பாரிசில், லூயி-பிளாங் தெருவில் நான் வேலை செய்யும் தொலைபேசிக் கடையில் மதியத்தில் ஆள் குறைவு. அந்த நேரத்தில்தான் இணைய கசினோவில் பிளாக்ஜாக் பழகினேன். நேரலையில் ஒரு பெண் சீட்டுப் போடுவாள். சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல் அவளை முந்த வேண்டும். அவளுடைய சீட்டுகளில் ஒன்று கவிழ்ந்திருக்கும்.

நான் ஊரில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவன். எதிராளியின் கண்ணைப் பார்த்தே துருப்புச் சீட்டைச் சொல்லிவிடுவேன். அதனால் அவள் முகத்தைப் படித்தேன். சிரித்தால் நல்ல சீட்டு, உதட்டைக் கடித்தால் மோசம். அவள் என்னைப் படித்துவிடாதபடி என் முகத்தையும் இறுக்கி வைத்துக்கொண்டேன். பாதிச் சம்பளம் போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை.

ஒருநாள், கைபேசிக் கண்ணாடி மாற்ற வந்த அக்கா ஒருவர் என் திரையை எட்டிப் பார்த்தார். கசினோ ஒன்றில் துப்புரவு வேலை செய்தவராம்.

"தம்பி, அந்தப் பிள்ளையின்ர முகத்தில என்ன தேடுறீங்கள்?"

"கவிழ்த்த சீட்டு என்னவெண்டு பாக்கிறன் அக்கா."

"அவவே அதை இன்னும் பாக்கேல்லை. பதினாறு வரைக்கும் எடுக்கவேணும், பதினேழு வந்தா நிப்பாட்டவேணும். அவவுக்கு யோசிக்க ஒண்டுமில்லை."

"என்ர முகத்தைப் பாத்து..."

"அவவுக்கு உங்களைத் தெரியவே தெரியாது தம்பி. கமரா அங்கால மட்டுந்தான்."

யாருமே பார்க்காத முகத்தை இத்தனை நாளும் மறைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மனைவி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"இண்டைக்காவது சொல்லப்போறியளோ?" என்றாள்.