ஈரச்செங்கல்லின் ஏழாவது பாட்டு

"நான் ஒண்ணும் பாட்டுக் கேக்கல. மணி பாத்தேன்," என்றார் லிஃப்ட்காரர்.

அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கத்தான் ஸ்டோர் அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் இவர் ஃபோனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டார். காதில் மாட்டியிருந்த ஒயர் மட்டும் சட்டைப் பொத்தானில் சிக்கித் தொங்கியது.

"மணி பாக்க காதுல எதுக்குண்ணே ஒயரு? உள்ள மணி அடிக்குதா?"

லிஃப்ட்காரர் டீயை ஊதினார். அக்கா சிரித்துக்கொண்டே பேரிங் பெட்டிகளை எண்ணப் போய்விட்டாள். உதிரி சாமான் அறைக்கு அவள்தான் பொறுப்பு. வயதில் பெரியவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

லிஃப்ட்காரர் முப்பத்தோரு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ரெண்டு மாசம் ஓடும், அப்புறம் கழுத்தறுக்கும்" என்பார். ரெண்டு மாசத்தில் அது கழுத்தறுக்கும். காது அப்படிப்பட்டது. வாய்தான் கொஞ்சம் பொல்லாதது.

அந்த வாயால் வந்ததுதான் எல்லாம். அவருடைய மாப்பிள்ளை பகலில் ஒரு பார்சல் ஆபீசில் வேலை பார்ப்பவர். வேலை முடிந்து வந்தால் கம்ப்யூட்டரில் பாட்டு செய்வார். செய்ததை இணையத்தில் இருக்கிற பாட்டுக் கடைகளில் போடுவார். போடுவதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார், 'ஈரச்செங்கல்' என்று.

"காயாத செங்கல்ல எவனாவது வீடு கட்டுவானா?" என்று ஒருநாள் விருந்தில் எல்லோர் முன்னாலும் லிஃப்ட்காரர் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளுக்குத்தான் முகம் சிவந்துபோனது.

"அவர் பாட்டக் கேட்டிருக்கீங்களாப்பா? ஒண்ணாவது கேட்டுட்டுப் பேசுங்க. இல்லன்னா இங்க வந்து பேசாதீங்க."

"வரல. இனிமே உன் வீட்டு வாசல மிதிச்சா என்னான்னு கேளு."

சொன்னவர் சொன்னபடி நின்றார். மகள் உண்டானபோதும் போகவில்லை. பேத்தி பிறந்தபோது மட்டும் ஆஸ்பத்திரிக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். "ஆஸ்பத்திரி அவங்க வீடு இல்லையே" என்று மனைவியிடம் நியாயமும் சொன்னார். இரண்டு நாள் அங்கேயே பழியாய்க் கிடந்தார். அந்தப் பிஞ்சு, இவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரலை உருவினால் எழுந்துவிடுமோ என்று முக்கால் மணி நேரம் குனிந்தபடியே நின்றார். மூன்றாம் நாள் குழந்தை வீட்டுக்குப் போனது. இவரும் வீட்டுக்குப் போனார், தன் வீட்டுக்கு.

அதற்கப்புறம் மூன்று மாதமாக மனைவி வாரம் இருமுறை போய் வந்தாள். வந்து, "இன்னிக்கு என்னப் பாத்துச் சிரிச்சா" என்பாள். இவர் பேப்பரைப் புரட்டுவார். ஒரே பக்கத்தைப் புரட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டோர் அக்காவின் ஃபோனைப் பார்த்தார். அவளுக்குப் புல்லாங்குழல் என்றால் உயிர். ஒரு கடை விடாமல் போய்த் தேட நேரமில்லாததால் ஒரு ஆப் வைத்திருந்தாள்.

"ஒவ்வொரு கடையும் ஒரு பட்டியல் வச்சிருக்கும்ணே. அதுக்குப் பேரு ஃபீட். புதுசா ஒரு பாட்டு வந்தா அந்தப் பட்டியல்ல மேல ஒரு வரி ஏறும். இந்த ஆப்பு அப்பப்ப போய் அத எட்டிப் பாத்துட்டு வந்து நமக்குச் சொல்லும். நம்ம கடைக்கு நடக்கவே வேண்டாம்."

"எட்டிப் பாக்குறது யாருன்னு பாட்டுப் போட்டவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பேரு, நம்பர் ஒண்ணும் குடுக்கல பாருங்க."

"யாரு எத்தன தடவ பாத்தான்னு?"

"தெரியாதுண்ணே. ஏன், நீங்க யாரை எட்டிப் பாக்கப் போறீங்க?"

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். ஆனால் அன்றைக்கு மத்தியானமே, "என் ஃபோன்லயும் அதப் போட்டுக் குடு" என்று வந்து நின்றார். எந்தப் பாடகர் என்று அவள் கேட்டபோது, எங்கோ பராக்குப் பார்த்துக்கொண்டு, "ஏதோ செங்கல்லாம்" என்றார்.

கடையில் பாட்டின் ஒரு துண்டை, முப்பது நொடி, சும்மா கேட்கலாம். முழுசாக வேண்டுமென்றால் வாங்க வேண்டும். வாங்கினால் வாங்கியவர் பெயர் பாட்டுக்காரருக்குப் போகும். ஆகவே இவருக்கு முப்பது நொடி போதும்.

குறை கண்டுபிடிக்கத்தான் கேட்க ஆரம்பித்தார். முதல் துண்டிலேயே ஆள் மாட்டிக்கொண்டார். அந்தப் பாட்டில் தாளத்துக்கு மத்தளம் இல்லை, வேறு என்னவோ இருந்தது. நாலு தடவை கேட்டார். "தையல் மிஷின்," என்றார் தனக்குத்தானே. அடுத்ததில் கடை ஷட்டர் இறங்கியது. அதற்கடுத்ததில் எண்ணெய் போடாத சைக்கிள் சங்கிலி. மாப்பிள்ளை ஊர்ச் சத்தத்தையெல்லாம் பிடித்துவந்து பாட்டுக்குள் அடைத்துவைக்கிறார் என்று புரிந்தபோது, லிஃப்ட்காரருக்குச் சாப்பாடுகூட மறந்துபோனது. நாலாவது பாட்டில் ஒரு சத்தம் பத்து நாள் அவரை அலைக்கழித்தது. பதினோராம் நாள் குளித்துவிட்டுத் துண்டைப் பிழியும்போது அப்படியே நின்றுவிட்டார். அதுதான். ஈரத் துணியை முறுக்குகிற சத்தம். வெளியே வந்து மனைவியிடம் சொல்ல வாயெடுத்து, முழுங்கிக்கொண்டார்.

இன்று காலை டீ நேரத்தில் பட்டியலில் ஏழாவது வரி ஏறியிருந்தது. பெயர், 'பகல் தூக்கம்'.

அக்கா உள்ளே போனதும் ஃபோனைத் திருப்பினார். ஒயரைக் காதில் வைத்தார். முதலில் மூச்சு. சின்ன மூச்சு, மூக்கில் லேசாகச் சீட்டியடித்துக்கொண்டு போய்வந்தது. யார் மூச்சு என்று அவருக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீ ஆறிப்போனது.

மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் மூச்சுக்குப் பின்னால் இருந்தது கேட்டது. டொக். கொஞ்சம் விட்டு, டொக். அதைத் தாளமாக வைத்துத்தான் மற்ற வாத்தியங்களெல்லாம் மேலே போயிருந்தன.

ஃபேன். அதில் சந்தேகமில்லை. பேரிங் போனால் அரைக்கும். இறக்கைத் திருகு கழன்றால் சுற்றுக்கு ஒரு தரம் தட்டும். இது சுற்றுக்கு ஒரு தரம் இல்லை. ஃபேன் மொத்தமாக ஆடி, ஆடி, எதிலோ போய் இடிக்கிறது. அப்படியென்றால் மேலே, கொக்கிக்குப் பக்கத்தில். கீழே குழந்தை.

அதற்குள் முப்பது நொடி முடிந்துவிட்டது.

"அக்கா, இங்க வா. இத முழுசா வாங்கணும்."

"வாங்குனா உங்க பேரு போகும்ணே."

"போகட்டும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக் கொடுத்தாள். நாலு நிமிஷப் பாட்டு. இரண்டாவது நிமிஷத்தில் ஃபேன் வேகம் கூடியது, டொக் டொக் என்று தட்டு நெருங்கியது. அதற்குமேல் அவர் உட்காரவில்லை. எழுந்து நின்றே மகளுக்கு ஃபோன் போட்டார்.

"அப்பா? நிஜமாவே நீங்களா? இப்பதான் இவருக்கு மெயில் வந்துச்சு, நீங்க பாட்டு வாங்கி—"

"ஃபேன நிறுத்து."

"என்னது?"

"குழந்த படுத்திருக்கிற ரூம்ல ஃபேன நிறுத்து. அவளத் தூக்கு. தூக்கிட்டுப் பேசு."

சுவிட்சு விழும் சத்தம் கேட்டது. பிறகு, தூக்கம் கலைந்த முனகல் ஒன்று.

"தூக்கிட்டேன். என்னப்பா ஆச்சு?"

"மேல நட்டு கழண்டிருக்கு. எத்தன நாளா தட்டுது?"

"அது ஒரு மாசமா தட்டுது. அத வச்சுத்தானே இவர் பாட்டே... சரி, நான் எலக்ட்ரீஷியனக் கூப்பிடறேன்."

"எலக்ட்ரீஷியனா? நான் ஒருத்தன் இருக்கும்போது கண்டவன் வந்து அங்க ஏணி போடுவானா? யாரும் தொடக் கூடாது. வரேன்."

"இங்கயா?" என்றாள்.

"பின்ன, ஃபேன ரோட்டுக்கா எடுத்துட்டு வருவ?"

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர், வாசலில் நின்று யோசித்து, திரும்பி வந்து, டீக்கறை படிந்த சட்டையை மாற்றிக்கொண்டு போனார்.

கதவைத் திறந்தது, அன்றைக்கு லீவில் இருந்த மாப்பிள்ளை. பாட்டைப் பற்றி மாமா ஏதாவது சொல்வார் என்று முகமெல்லாம் எதிர்பார்ப்பு. லிஃப்ட்காரர் அவரைத் தாண்டி விட்டத்தைப் பார்த்தார். "ஸ்டூலு," என்றார்.

ஏறி, கொக்கியை மூடியிருந்த கிண்ணத்தை இறக்கினார். கொக்கியில் ஃபேனைத் தாங்குகிற போல்ட்டில், நட்டு கடைசிப் புரிக்கு வந்து நின்றிருந்தது. நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே போடுகிற பின்னைக் காணோம். எவனோ மாட்டும்போதே மறந்திருக்கிறான். சுண்டுவிரலால் தொட்டார், நட்டு கையோடு வந்துவிட்டது. அதை அப்படியே கீழே நீட்டினார். வாங்கிப் பார்த்த மாப்பிள்ளை, நேர் கீழே இருந்த கட்டிலைப் பார்த்தார்.

"நான் இதப் பாட்டுன்னு நெனச்சேன், மாமா."

"பாட்டுதான். அதான் எனக்குக் கேட்டுச்சு. ஸ்டூல நல்லாப் புடிங்க."

புது போல்ட், புது பின். முடித்து இறங்கி, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். மகள் குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அது கொஞ்ச நேரம் அவர் தாடையை உற்றுப் பார்த்தது, பிறகு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. ஃபேன் இப்போது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே அருகில் வந்தார்.

"பாட்டு எப்படி இருந்துச்சு, மாமா?"

லிஃப்ட்காரர் குனிந்து, தூங்குகிற மூக்குக்கருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு, மாப்ள. ஆனா நாலு நிமிஷத்துல ஏன் நிறுத்திட்டீங்க? இவ இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கா."