என்ன விசேஷம் என்று கேட்காதீர்கள்

ஜவுளிக் கடையில் சேலை பிரித்துப் பிரித்துத் தோள்பட்டை கழன்ற என் சக பாவிகளே, வாயை மூடிக்கொண்டு விற்கத் தெரிந்தவன்தான் இந்தத் தொழிலில் பிழைப்பான். சேலம் கடைவீதியில், யுத்தத்துக்கு முன்னும் யுத்தத்தின்போதும் நின்று நான் கண்டது அது.

பெண் என்ன நிறம்?

ஒரு பெரியவர் வந்தார். "நல்லதா ஒரு சேலை" என்றார். எதற்கென்று சொல்லவில்லை. என்னோடு நின்ற சடையப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. கல்யாணச் சேலை என்று அவனே முடிவு கட்டி, அரக்கும் பச்சையுமாக அள்ளிப் போட்டான். "ஏனுங்க, பொண்ணு செவப்பா, மாநிறமா? அதுக்குத் தக்கன எடுத்துப் போடறேன்" என்றான். நான் அவன் காலை மிதிப்பதற்குள் பெரியவர் பதில் சொல்லிவிட்டார்: "மாநிறமுங்க. இனி அவ மேல வெயில் படாதுங்க, எதையாச்சும் கட்டிக் கொடுங்க."

செங்கோடன் எடுக்கும் சீர்

புதுச்சத்திரத்து வண்டிக்காரர் செங்கோடன் எங்கள் வாடிக்கை. கெங்கவல்லியில் கட்டிக்கொடுத்த தங்கை பாவாயிக்குப் பொங்கல் தவறாமல் சேலை எடுப்பார். எடுப்பதற்குள் நம் உயிரை வாங்கிவிடுவார். முந்தியை வெளிச்சத்தில் பிடிப்பார், சாயம் போகுமா என்று எச்சில் தொட்டுத் தேய்ப்பார். தனக்கு வேட்டி எடுக்கும்போது மட்டும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்.

"தங்கச்சிக்குத்தானே எடுக்கறீங்க, அவ மாமியாருக்கா?" என்றேன் ஒரு தரம், சலித்துப்போய்.

"மாமியாருக்குத்தானுங்க. பொறந்த ஊட்டுல ஆள் இருக்குதுன்னு அந்தம்மா கண்ணுல படோணுமில்லைங்க."

ஒரே ஒரு சிவப்புச் சேலை

யுத்தத்தில் துணிக்குக் கட்டுப்பாடு வந்தது. அலமாரி காலி. திருச்செங்கோட்டு அம்மாள் ஒருவர், வரப்போகும் மருமகளுக்குக் கூறைச்சேலையாக, மீதமிருந்த ஒரே சிவப்புச் சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது செங்கோடன் உள்ளே வந்தார். சுமை இறக்க சேலம் வந்த இடத்தில் அவருக்குச் சேதி கிடைத்திருக்கிறது. பாவாயி பிரசவத்தில் போய்விட்டாள். சுமங்கலியாய்ப் போனவளுக்குப் பிறந்த வீட்டுச் சிவப்புக் கோடிச்சேலையைப் போர்த்தாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். எத்தனை கடை ஏறி இறங்கினாரோ, "செவப்புல ஒண்ணு" என்றார். சேதியையும் அவரே சொன்னார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

அந்த அம்மாள் எழுந்து தன் சேலையை நீட்டினார். செங்கோடன் வாங்கவில்லை. எங்கள் முதலாளி பதறிப்போய், "கூறைக்கு எடுத்ததும்மா, சாவுக்குக் கொடுக்கலாமா?" என்றார். அந்த அம்மாள் முதலாளி பக்கம் திரும்பவே இல்லை. செங்கோடனிடம்தான் சொன்னார்: "எங் கூறை பொட்டியில கெடக்குது, மருமவ அதைக் கட்டிக்குவா. உந் தங்கச்சியைக் காக்க வைக்காத, கொண்டு போ சாமி."

கல்யாணத்துக்கு ஒரு தட்டு, சாவுக்கு ஒரு தட்டு என்று நாமெல்லாம் ஒழுங்காகத்தான் அடுக்கி வைக்கிறோம், வருகிறவர்கள்தான் அந்த ஒழுங்கில் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.