பூட்டிய அறைக்குள் எச்சரிக்கைப் பலகை

பரளச்சி பக்கம் எங்கள் புஞ்சைக்கு அடியில் கேஸ் குழாய் போகிறது. அதை மறந்து, சீமைக்கருவேலத்தைப் பிடுங்க ஜேசிபி விட்டோம். ஒரு தூரோடு மஞ்சள் எச்சரிக்கை நாடாவும் கிழிந்து வந்தது. அதற்குக் கீழேதான் குழாய்! வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவசர எண்ணுக்காக ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்தது. குழாய்ப் பாதுகாப்புக்கு அரசு தந்த மானியத்தில் அந்த எண்ணை எழுதிய பலகை உள்ளே இருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

சாவியோடு வந்த ஊழியர், "வெயில்ல நட்டா பெயிண்டு போயிரும்னு உள்ள வச்சிருக்கோம்க்கா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குழாய் உங்க ஆபீசுக்குள்ளயா போகுது?" என்றேன்.

பலகையிலிருந்த எண்ணுக்குப் போன் செய்ததும் கேஸ் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். நல்லவேளை, குழாயில் கீறல் இல்லை.

இப்போதெல்லாம் அவர்களைக் கேட்காமல் ஜேசிபியை இறக்குவதில்லை. அந்த எண்ணை எங்கள் வீட்டுத் தெருச்சுவரில் பெரிதாக எழுதிவிட்டேன். வெயிலில் வெளுத்தால் மறுபடி எழுதுவேன். அதற்கு மானியம் வேண்டாம், அரை டப்பா பெயிண்ட் போதும்.