மூக்கில் குங்குமம் வைத்த விமானம்

போன ஞாயிற்றுக்கிழமை பூச்சோங் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் நகப்பூச்சை அழிக்கும் குப்பியைத் திறந்தாள். வாசனை வந்ததுதான் தாமதம், துணியை அப்படியே போட்டுவிட்டு, ஹாலில் உட்கார்ந்திருந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு வந்தவர் அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்மா மூஞ்சி அப்படிப் போகுது? நெயில் ரிமூவர்தான் லா," என்றாள் மகள்.

பயப்படுவதில் எனக்கு நிகர் நானேதான், ஒத்துக்கொள்கிறேன். லிஃப்ட் கதவு திறக்கக் கொஞ்சம் தாமதித்தாலே குலதெய்வத்தைக் கூப்பிடுகிற ஆள் நான். ஆனால் இந்த வாசனைக்குப் பயப்படக் காரணம் உண்டு. இது வந்தால் கிள்ளான் வீட்டுச் சாப்பாட்டு மேசை வந்துவிடும். அதன்மேல் விரித்த பழைய பேப்பர், பாதி ஒட்டிய பிளாஸ்டிக் ஜெட் விமானம், அதைப் பிடித்திருக்கும் அண்ணனின் வலது கை, எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். காலையும் மாலையும் கொமுட்டர் ரயில். அண்ணன் சேகர் சுபாங் பக்கம் ஒரு விமானப் பட்டறையில் இருந்தார். நிஜ விமானம். இன்ஜின் போல்ட்டுகள் பறக்கும்போது கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கிக் கட்டுவது அவர் வேலை. அதைப் பற்றிப் பேசினால் சோறு ஆறிப்போகும் வரை பேசுவார். எங்களில் யாருக்கும் ஒன்றும் புரியாது, ஆனாலும் தலையாட்டுவோம்.

ஒரு மழை நாளில் ஃபெடரல் ஹைவேயில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை, மணிக்கட்டுதான் உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, கட்டைப் பிரித்தார்கள், எல்லாரும் மூச்சு விட்டோம். அப்புறம்தான் அவர் மைலோ கலக்கும்போது கரண்டி குவளையில் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது. அம்மா அடுப்பைத் திருகி, எண்ணெயில் கடுகைப் போட்டுச் சத்தமாகப் பொரியவிட்டார். கரண்டிச் சத்தத்தை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

பட்டறைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. கை நன்றாகட்டும், வந்து கம்பி கட்டிக் காட்டு, முடிந்தால் பழைய இடம் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். முடியாவிட்டால் என்ன என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதை அண்ணன் சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டார். "பந்து அமுக்க நான் என்னா சின்னப் புள்ளையா? பாப்பா, நாளைக்கு வரும்போது பிளேன் ஒட்டுற பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வா."

"அது மட்டும் பெரியாளுங்க வெளையாட்டா?" என்றார் அப்பா, பேப்பருக்குப் பின்னாலிருந்து.

வேலை முடிந்ததும், கோலாலம்பூரில் ஒரு பழைய கடைத்தொகுதியின் மேல்மாடிக்குப் போனேன். கூரைவரை பெட்டிகள் அடுக்கிய கடை. கடைக்காரச் சீன அங்கிள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போய்ஃப்ரெண்டுக்கா?" என்று மலாயில் கேட்டார். "அண்ணனுக்கு" என்றேன், நம்பவில்லை. பளபளக்காத சாம்பல் நிறப் பெயின்ட் வேண்டும் என்று அண்ணன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியும், நான் பளபளக்கும் சாம்பலை வாங்கிப்போனேன். மறுநாள் மாற்றப் போனபோது அங்கிள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த விமானம் எங்கள் வீட்டையே ஆட்டிவைத்தது. பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காம்போடு தொங்கும். ஒவ்வொன்றாக வெட்டி, உரசி, பிளாஸ்டிக்கையே உருக்கும், நெயில் ரிமூவர் வாசனை அடிக்கும் பசை தொட்டு ஒட்ட வேண்டும். வீட்டில் யாரும் போடாத சட்டம் ஒன்று இருந்தது: அண்ணன் கையைப் பார்க்கக் கூடாது. யாராவது பார்த்தால் வேலையை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அதனால் அப்பா பக்கமே புரட்டாமல் பேப்பர் படித்தார். அம்மா உரித்த வெங்காயத்தையே உரித்தார். நான் டிவியைப் பார்த்தபடி காதை மேசையில் வைத்திருந்தேன். 'டிக்' என்று ஒரு பாகம் தரையில் விழும். மூன்று பேர் நெஞ்சும் நின்று ஓடும். பிறகு நான் யதேச்சையாகப் போவதுபோல் போய் அலமாரிக்கு அடியில் தடவுவேன்.

பெயின்ட் அடிக்க ஆரம்பித்ததும் கவலை வானத்துக்கு ஏறியது. ஈரக் காற்றில் அடித்தால் நிறம் வெளுத்துப்போகும். கிள்ளானில் மத்தியானமானால் மழை. நான் ஆபீஸிலிருந்து போன் போட்டு, "அங்க மழையாம்மா?" என்று கேட்பேன். துணி காயப்போட்டதற்காகக் கேட்கிறேன் என்று கூட வேலை செய்தவர்கள் நினைத்தார்கள்.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பாகம். விமானி உட்காரும் இடத்தை மூடும் கண்ணாடி. பசை ஒரு துளி அதிகமானாலும், பசைபட்ட விரல் தெரியாமல் தொட்டாலும், கண்ணாடி மங்கிப்போகும். அதைத் துடைக்கவே முடியாது. அண்ணன் அதைத் தீப்பெட்டிக்குள் வைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். திங்கட்கிழமை பட்டறையில் கையைக் காட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பொது விடுமுறை. அண்ணன் குளிக்கப் போயிருந்தார். சாம்பிராணி வாசனை வந்ததே என்று சாமி மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். விமானம் அங்கே நின்றது. மூக்கில் சந்தனம், நடுவில் குங்குமம். அப்பா லோரி ஓட்டிய காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த எந்த வண்டியும் சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்காமல் சாலைக்குப் போனதில்லை. இதற்கும் வைத்திருந்தார் அம்மா. சக்கரம் மிளகளவு, எலுமிச்சை எலுமிச்சையளவு. விமானம் பழங்களின்மேல் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"அம்மா, பெயின்ட்டு இன்னும் காயலம்மா. என்னா செஞ்சிட்டீங்க?"

"வண்டிதானே? பறக்குற வண்டி," என்றார் அம்மா. "அந்த மோட்டாருக்கு எலுமிச்ச வைக்க விட்டானா? லேட்டாச்சும்மா, அப்புறம் வச்சிக்கலாம்னு ஓட்டிட்டுப் போனான். என்னா ஆச்சு பாத்தியா?"

அத்தனை மாதமாக அம்மா இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் வெங்காயம் உரித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் தலையில் துண்டோடு வந்து நின்றார். அப்பாவின் பேப்பர் கீழே இறங்கியது. அண்ணன் விமானத்தின் மூக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். குங்குமம் பெயின்ட்டோடு ஊறிவிட்டிருந்தது, துடைத்தால் சாம்பலும் சேர்ந்து வந்துவிடும். வீடே இடியப்போகிறது என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன்.

"கண்ணாடி இன்னும் மாட்டலம்மா," என்றார் நிதானமாக. "கண்ணாடி இல்லாத வண்டிக்கா பூசை போடுவாங்க?"

விமானத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார். தீப்பெட்டியைத் திறந்தார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் எழுந்து போகவில்லை. பசை தொட்ட தூரிகையின் நுனி கண்ணாடி விளிம்புக்கு மேலே நடுங்கியது. கிட்டே போனது, விலகியது, திரும்பவும் போனது.

"புடிச்சிக்கவா?" என்றார் அம்மா.

அந்தக் கையைப் பற்றி எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அண்ணன் முழங்கையை மட்டும் அம்மா பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். அம்மா சந்தனக் கையோடு முழங்கைக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், பிள்ளைக்கு அரிசியில் 'அ' எழுதப் பிடிப்பது மாதிரி. கண்ணாடி போய் உட்கார்ந்தது. ஒரு மங்கல்கூட இல்லை.

திங்கட்கிழமை நான் அடித்த கடிதங்களை வக்கீல் மூன்று தடவை திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தபோது அண்ணன் எனக்கு முன்னே வந்திருந்தார். "ஸ்டோர்ல போட்டிருக்காங்க. சாமான் எடுத்துக் குடுக்குற வேலை," என்றார். அங்கே முழங்கையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? அம்மா சோறு போட்டார். எனக்கு அழுகை வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபமும் வந்தது. அதற்குப் பிறகு சாப்பிடும்போது கம்பி கட்டும் கதையை அண்ணன் எடுத்ததே இல்லை. விமானமும் ஒட்டவில்லை.

அம்மா போய்விட்டார், அப்பாவும். கிள்ளான் வீட்டை வாங்கியவர்கள் முன்பக்கத்தை இடித்துக் கட்டிவிட்டார்கள். மாடல் கடை இருந்த மாடியில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். விமானம் மட்டும் என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், மூக்கில் மங்கிய சிவப்போடு நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மகள் இடது கைக்குப் பூசி முடித்துவிட்டாள். வலது கைக்குப் பூச வரவில்லை. "மாமா, இந்தக் கைக்கு நீங்க போட்டு விடுங்க லா."

"குடு, நான் போடுறேன்," என்று ஓடினேன். அதற்குள் அண்ணன் பேப்பரை மடித்துவிட்டு மேசைக்கு வந்துவிட்டார். முதல் நகத்தைத் தாண்டிச் சிவப்பு விரலுக்கு ஓடியது. பழக்க தோஷம், நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மாமா, கை ஆடுது," என்றாள் மகள், வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோல.

"ஆடும்," என்றார் அண்ணன். "நீ புடிச்சிக்க."

திரும்பிப் பார்த்தேன். பூச்சு காயாத இடது கை விரல்களை விரித்து வைத்தபடியே, உள்ளங்கையால் அவர் கையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே, அதே இடத்தில். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்க்கத்தான் அம்மா இல்லை.