என் மகளுக்குத் தாரை வார்க்க அம்மன் கொடுத்த இடம்

என் மகளின் கல்யாணத்தில் தாரை வார்க்க எனக்கு இடமில்லை என்று முடிவானபோது, முகூர்த்தத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அப்பா மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்க, அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதுதான் தாரை வார்ப்பது. புருஷன் மணவறையில் உட்கார்ந்தால்தான் பெண்சாதிக்கும் அங்கே இடம் உண்டு. என் வீட்டுக்காரர் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். என் மகளை என் ஓரகத்தி கோமதியக்கா தாரை வார்த்துக் கொடுக்கப் போகிறாள். நான் நின்று பார்க்க வேண்டும்.

நம் செவ்வாய்க்கிழமை வழிபாட்டில் நான் கடைசி வரிசையில் உட்காருகிறவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. படிப்பும் எட்டாவதோடு சரி. அதனால்தான் பேசாமல் எழுதிக் கொடுக்கிறேன்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. என் வீட்டுக்காரருக்குப் பஞ்சாலையில் வேலை. கடவுள் இல்லை என்கிற கட்சிக்காரர். வீட்டுச் சுவரில் தலைவர்கள் படம்தான் இருக்கும். என் மாரியம்மன் படம் பீரோவுக்குள், சேலைகளுக்கு நடுவில் இருந்தது. மகளுக்கு மலர்விழி என்று அவர் பேர் வைத்தார். அவர் ஷிஃப்டுக்குப் போன பிறகு நான் மாரி என்று கூப்பிடுவேன். அவளும் சிரித்துக்கொண்டே ‘என்னம்மா’ என்பாள்.

அவர் அண்ணன், என் மூத்தார், சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். கதர்ச்சட்டை போடுகிறவர். கோயில், விரதம், மதுவிலக்கு, பெரியவர்கள் வைத்த முறை, இவற்றில் ஒன்றைக்கூட விடக்கூடாது என்பவர். அண்ணன் தம்பி சேர்ந்தால் சாப்பாட்டு இலையில் சோறு ஆறிவிடும்.

“சாராயக்கடையத் தொறந்து விட்டுட்டுப் பகுத்தறிவுங்கிறீங்களேடா. குடிச்சவனுக்கு எங்கிட்டுடா இருக்கு அறிவு?”

“ஆமா, உங்க கட்சி ஆண்டப்ப ஊர்ல ஒருத்தனும் குடிக்கலயாக்கும். சும்மா இருங்கண்ணே.”

இத்தனைக்கும் என் வீட்டுக்காரர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. பீடிகூடக் கிடையாது. கட்சி சொன்னது என்பதற்காக வாதாடுவார். பேசி முடித்து இரண்டு பேரும் ஒரே தட்டில் வெற்றிலை போடுவார்கள்.

என் மனசு மூத்தார் பக்கம்தான். குடும்பம் என்றால் விளக்கு எரிய வேண்டும், பயந்து கும்பிட ஒரு சாமி வேண்டும், கல்யாணம் சாவுக்கு ஒரு முறை வேண்டும் என்று அன்றும் நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன். ஓட்டுப் போடும் நாளில் எங்கே குத்த வேண்டும் என்று என் வீட்டுக்காரர் படம் போட்டுக் காட்டி அனுப்புவார். நானும் தலையை ஆட்டுவேன். மறைப்புக்குள் போன பிறகு நானும் அம்மனும் மட்டும்தானே?

கோமதியக்காவின் மேல் எனக்கு இருந்த பொறாமையை எப்படிச் சொல்ல? என்னைவிட நகை கூட. ஆனால் அதற்காக இல்லை. அவள் வீட்டில் சாமி அறை இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூத்தார் நெற்றி நிறைய விபூதியோடு அவளுக்குப் பூ வாங்கிக்கொண்டு வருவார். நான் பூவைப் பார்க்க மாட்டேன். அந்த விபூதியைப் பார்ப்பேன். என் வயிறு எரியும். கோயில் வரிசையில் புருஷனும் பெண்சாதியுமாய் நிற்கும் யாரைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

என் கல்யாணமே கட்சி மேடையில், மாலை மாற்றி, மைக்கில் வாழ்த்துரை சொல்லி முடிந்தது. என் அம்மா அழுது கேட்டதால் தாலி மட்டும் கட்டினார். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, தாரை இல்லை. கோமதியக்கா எந்த விசேஷத்திலும் இதை விட மாட்டாள்.

“ஒனக்குத்தான் தாரையே வாக்கலயே. ஒனக்கு இதெல்லாம் என்ன தெரியும், தள்ளு” என்று ஆரத்தித் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். அவள் மகள் மீனாவின் கல்யாணத்தில் செம்பைப் பிடித்து அவள் தண்ணீர் ஊற்றியதை நான் பந்திக்குப் போகாமல் நின்று பார்த்தேன். என் மகளுக்காவது இது வேண்டும் என்று அன்றைக்கே மனசில் விழுந்துவிட்டது.

மலர்விழிக்கு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் பக்கம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். கல்யாணம் வண்டியூர் தெப்பக்குளத்து மாரியம்மன் சந்நிதியில், ஐயர் வைத்து, தாரை வார்த்து நடக்க வேண்டும். மகளுக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு நாள் யோசித்தார். மறுநாள் சொன்னார்.

“பையன் நல்லவன். என் கொள்கைக்காக எம்பொண்ணு வாழ்க்கையக் கெடுக்க மாட்டேன். கோயில்லயே வச்சுக்கங்க. நான் வாசல்ல நிக்கிறேன். உள்ள வர மாட்டேன்.”

“அப்ப தாரை?” என்று கேட்டேன்.

“எங்கண்ணன் இருக்காருல்ல. அவரும் மதினியும் உக்காரட்டும்.”

அவர் அதை நியாயமாகத்தான் சொன்னார். என் தலையில் இடி விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. மூத்தாருக்கு மனசில்லை. தகப்பன் உயிரோடு இருக்கும்போது பெரியப்பன் உட்காருவது முறையில்லை என்று முனகினார். கோமதியக்காதான், “நம்ம பிள்ளைதானங்க” என்று சம்மதிக்க வைத்தாள். அடுத்த வாரமே அரக்குப் பட்டு எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் விரித்தாள்.

“இந்தா, பாரு. தாரை வாக்கையில கட்ட. கரை எம்புட்டு எடுப்பா இருக்கு பாத்தியா?”

“நல்லா இருக்குக்கா” என்றேன். அந்தக் கரையை என் விரல் தடவியது. மனசுக்குள் அதைக் கிழித்தேன்.

“நீ கவலப்படாத. நான் தண்ணி ஊத்தும்போது எம்பக்கத்துலயே நில்லு. தெரியாம நின்னுக்கலாம்.”

பெற்றவள் தெரியாமல் நிற்க வேண்டுமாம். அன்று அவள் போன பிறகு அழுதேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. செத்துப் போனால்கூடத் தேவலை என்று தோன்றியது. யாரிடம் சொல்வது? புருஷனிடம் சொன்னால் கட்சி. மகளிடம் சொன்னால் கல்யாணமே வேண்டாம் என்பாள்.

ஒவ்வொரு செவ்வாயும் அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு மாரியம்மனிடம் போனேன். தெப்பக்குளம் வறண்டு கிடந்தது. நடுவில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். அந்த ஓரமாகவே நடந்து போய்ச் சந்நிதியில் நிற்பேன். நல்ல வேண்டுதலாக எனக்கு எதுவும் வரவில்லை. கோமதியக்காவுக்கு அன்றைக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று நாக்கு நுனி வரை வரும். மாரியம்மனிடம் போய்க் காய்ச்சலைக் கேட்கலாமா என்று பயந்து விழுங்கிவிடுவேன். கடைசியில் இதைத்தான் சொன்னேன்: “தாயே, அந்தச் செம்பு என் கையில இருக்கணும். அவ கையில இருந்தா என்னால பாக்க முடியாது. எப்படிக் குடுப்பியோ, எனக்குத் தெரியாது.” திரும்பத் திரும்ப இதையே சொன்னேன். கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆவணி மாதம் முகூர்த்தம். காலையிலேயே கோயில் முன் மண்டபத்தில் மணவறை போட்டிருந்தார்கள். மண்டபத்திலிருந்து வாசல் படி நாலு எட்டுதான். அங்கே என் வீட்டுக்காரர் சொன்னபடியே நின்றார். சலவைச் சட்டை, கட்சிக்கரை வேட்டி. அவருடன் வேலை செய்கிற ஒருவர் வந்து கிண்டல் செய்தது எனக்கே கேட்டது.

“என்ன மாப்ள, பொண்ணு கல்யாணத்துல செருப்புக்குக் காவலா நிக்கிற?”

“போடா, உள்ள போய்ச் சாப்பிட்டுட்டுப் போ” என்றார். சிரிக்கவில்லை.

மூத்தாரும் கோமதியக்காவும் மணவறையில் போய் உட்கார்ந்தார்கள். அரக்குப் பட்டு பளபளத்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்பக்கம் குழாயில் முகத்தைக் கழுவினேன். குங்குமம் போனதைக் கவனிக்கவில்லை. தலையிலிருந்த பூவையும் பூ போதவில்லை என்று மாப்பிள்ளையின் தங்கைக்கு எடுத்துக் கொடுத்திருந்தேன். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூணோரம் போய் நின்றேன்.

தாலித் தட்டு சுற்றி வந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் திருவாதவூரிலிருந்து முதல் பஸ்ஸில் அப்போதுதான் வந்திருந்தார். எங்களை முன்பின் பார்த்ததில்லை. மணவறையில் இருப்பது பெரியப்பா, தூணோரம் நிற்பது பெண்ணைப் பெற்றவள் என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள். அவர்தான் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் நீட்டினார். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். நானும் கையை நீட்டினேன். அவர் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“நீ இருக்கட்டும்மா. கட்டுக்கழுத்திக தொடட்டும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பரிதாபமாகத்தான் சொன்னார்.

என் நீட்டிய கை அப்படியே நின்றது. தாலிக்கயிற்றை வெளியே எடுத்துக் காட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன்.

அந்த அத்தை தட்டோடு வாசல் படிக்குப் போனார். படியில் நின்ற ஆம்பிளைகளிடம் நீட்டியவர், என் வீட்டுக்காரரிடமும் நீட்டினார்.

“தொடுங்கண்ணே. நாலு பேரு நல்ல மனசோட தொடணும். தகப்பன் இல்லாத பொண்ணு.”

“யாரு சொன்னா?” என்றார் இவர்.

“பாத்தாத் தெரியலயா? தகப்பன் இருந்தா பெரியப்பன் ஏன் உக்காருறாரு? அந்தா, பெத்தவ வெறும் நெத்தியா தூணோரம் நிக்கிறா. பாவம், எந்த வயசுல அறுத்தாளோ.”

அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் மகளைப் பார்க்கத்தான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். அவர் முகம் கறுத்துப் போனது. செருப்பைக் கழற்றினார். ஒரே வீச்சில் படியேறி உள்ளே வந்தார்.

“அவ எம்பொண்டாட்டி. நான் உசுரோட இருக்கேன்” என்றார். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

“ஆத்தாடி! தெரியாமச் சொல்லிட்டேனே!” என்று அந்த அத்தை தட்டோடு பின்னாலேயே ஓடி வந்தார்.

“ஒங்க மேல தப்பில்லம்மா. பாக்குறவங்களுக்கு அப்படித்தான இருக்கு” என்றார். பிறகு மணவறைப் பக்கம் திரும்பினார். “அண்ணே, எந்திரிங்க. நான் உக்காந்துக்கிறேன்.”

மூத்தார் அவர் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். “வாடா, வா! இம்புட்டு நேரமா எனக்கு முள்ளு மேல உக்காந்த மாதிரி இருந்துச்சு” என்று தம்பியின் தோளைப் பிடித்து அழுத்தினார். கோமதியக்காவுக்குத்தான் எழுந்திருக்க நேரமானது. பட்டுப் புடவை மடிப்பை ஒவ்வொன்றாய்ச் சரி செய்தாள். நான் அதைக் கண் கொட்டாமல் பார்த்தேன்.

“மதினி, இவ நெத்தில ஒரு பொட்டு வச்சு விடுங்க” என்றார் என் வீட்டுக்காரர். அவள் குங்குமம் எடுத்து வைத்தாள். தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி எனக்குச் சொருகினாள். இதை அவள் கணக்கில் நான் எழுதத்தான் வேண்டும்.

ஐயர் மந்திரத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

“சாமி, நீங்க சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். கையப் புடிச்சுக் குடுக்கிறேன்” என்றார் இவர்.

“அது போதும், பிடியும்” என்று ஐயர் சிரித்தார்.

செம்பு என் கைக்கு வந்தது. அவர் மகளின் கையைப் பிடித்திருந்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். அவர் கை மேல் விழுந்து, மகள் கை மேல் விழுந்து, மாப்பிள்ளை கைக்குப் போனது. “அம்மா, மெதுவா” என்றாள் மலர்விழி. பாதித் தண்ணீரை அவள் சேலையில் ஊற்றியிருந்தேன். கண் தெரிந்தால்தானே?

கட்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? “கோயிலுக்குள்ள போயிட்டியாமே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். “சாமிக்காகப் போகல. எம்பொண்டாட்டி தாலியோட நிக்கிறான்னு சொல்லப் போனேன்” என்பார். எதற்காகப் போனால் என்ன? நான் அம்மனிடம் காரணம் கேட்கவில்லை. செம்பைக் கேட்டேன். கொடுத்தாள். முன்பின் தெரியாத ஒரு அத்தையின் வாயில் உட்கார்ந்து அவளே பேசினாள் என்று நான் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு மாறியது. அவர் இன்னும் விபூதி பூசுவதில்லை. அதே கட்சிதான். நானும் மறைப்புக்குள் போய் என் இஷ்டப்படிதான் குத்துகிறேன். ஆனால் மாரியம்மன் படத்தைச் சுவரில் மாட்ட ஆணி அடித்தது அவர்தான். செவ்வாய்க்கிழமை என்னைச் சைக்கிளில் வைத்துக் கோயில் வாசல் வரை கொண்டுவந்து விடுவார். “சீக்கிரம் வா. ரொம்ப நேரம் பேசாத அவகிட்ட” என்பார். அவர் வாயில் ‘அவ’ என்று வந்ததே எனக்குப் போதும்.

பொறாமை போய்விட்டதா என்றால், முழுசாகப் போகவில்லை. கோமதியக்கா அடிக்கடி பழனி, திருச்செந்தூர் என்று ஜோடியாகப் போய் வருகிறாள். கேட்கும்போது இன்னும் சுருக்கென்கிறது. அதையும் கொண்டுபோய் அம்மனிடமே சொல்கிறேன். முன்பு நான் மட்டும் வைத்துக்கொண்டு வெந்து போனேன். இப்போது இறக்கி வைக்க ஒரு இடம் இருக்கிறது.

சகோதரிகளே, நம்மில் பலருடைய வீட்டில் புருஷனோ பிள்ளையோ சாமி இல்லை என்கிறவர்தான். மற்றவர்களைப் பார்த்து உள்ளுக்குள் எரிகிறவர்களும் இருப்பீர்கள். மனசு சுத்தமான பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் எரிகிற வயிற்றோடுதான் போனேன். நல்ல வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு அது வேண்டும், அவளுக்கு வேண்டாம் என்றுதான் நின்றேன். அம்மன் அதில் எதைக் கொடுக்க வேண்டுமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டாள். கோமதியக்காவுக்கு அன்று காய்ச்சல் வரவில்லை. கல்யாணச் சாப்பாட்டை என் பக்கத்து இலையில் உட்கார்ந்து அவளும் நன்றாகச் சாப்பிட்டாள்.